பிரச்சினையே இல்லாத கடல்

"சிங்கி இறால் இல்லை" என்று எழுதியதுதான் தப்பாகப் போய்விட்டது.

வருடக்கணக்காக, மாதம் தவறாமல், சாமிதுரை தன் அலுவலக அறிக்கையில் அதைத்தான் எழுதி வந்தார். அரியலூர் மாவட்டத்தில் கடல் இல்லை. ஆகவே சிங்கி இல்லை. ஆகவே அதைப் பிடிப்பவரும் இல்லை. சென்னையில் அதை யாரும் படித்ததில்லை, படிக்காதவரை ஒரு தொல்லையும் இல்லை. இப்போது இறால் வாரியத்துக்குப் புது இயக்குநர் வந்திருந்தார். அவருக்குப் படிக்கும் பழக்கம் இருந்தது.

"சாமிதுரைங்களா? டைரக்டர் குருநாதன் பேசறேன்."

சாமிதுரை போனைப் பிடித்தபடியே எழுந்து நின்று, சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"உங்க மாவட்டத்துல ஏன் சிங்கி இல்ல?"

"கடல் இல்லீங்க சார்."

"அது காரணம். நான் காரணம் கேக்கல. இல்லைங்கற நிலைமைய மாத்த என்ன நடவடிக்கை எடுத்தீங்க?"

சாமிதுரை யோசித்துப் பார்த்தார். கடலைக் கொண்டுவர அவர் ஒரு நடவடிக்கையும் எடுக்கவில்லைதான்.

"சிங்கி இல்லாத ஆபீஸ் எல்லாத்தையும் மூடப் போறேன். ஆளுங்கள சிங்கி இருக்கற ஊருக்கு அனுப்பப் போறேன். பனைமுனையில ஒரு இடம் காலியா இருக்கு. நீங்க ஏற்கெனவே அங்க இருந்தவருதானே?"

அந்த ஊர்ப் பெயரைக் கேட்டதுமே சாமிதுரை, போட்ட பொத்தானைத் திரும்பக் கழற்றினார்.

சிங்கி இறால் நல வாரியம் கடலோரத்துக்காக உருவானது. பாறை இடுக்கில் மீசையை நீட்டிக்கொண்டு கிடந்து, அகப்பட்டால் உயிரோடு விமானம் ஏறி வெளிநாட்டு ஓட்டலுக்குப் போகிற பெரிய இறால் அது. கூடு செய்து, உள்ளே இரை வைத்து, கடலடியில் இறக்கிப் பிடிப்பார்கள். விட்டால் இனமே அழிந்துபோகும் என்று சட்டம் போட்டார்கள். லைசென்ஸ் இருப்பவர்தான் பிடிக்கலாம். குஞ்சையும் முட்டை சுமக்கிற தாயையும் திரும்பக் கடலில் விட்டுவிட வேண்டும். தடைக்காலத்தில் யாரும் கூடு இறக்கக் கூடாது. மாநிலம் முழுவதற்கும் இத்தனை கூடுதான், அதற்கு மேல் ஒன்றுகூடக் கிடையாது. எல்லாம் நல்ல சட்டங்கள்தான். கூடவே, வாரியம் என்றால் எல்லா மாவட்டத்திலும் அலுவலகம் இருக்க வேண்டும் என்று யாரோ ஒரு வரியைச் சேர்த்துவிட்டார்கள். அந்த ஒரு வரியில்தான் சாமிதுரை குடியிருந்தார்.

அதற்கு முன்னால் அவர் பட்டது சொல்லி மாளாது. தெற்கே பனைமுனைக் கடற்கரையில் வேலை பார்த்தபோது, படகில் ஏறினால் வாந்தி. படகைப் பார்த்தால் வாந்தி. கடைசிக் காலத்தில் படகுக்குப் பெயிண்ட் அடிக்கிற வாசனைக்கே வாந்தி. ஆய்வுக்குப் போகிற நாளில் மிக்கேல் என்ற சிங்கிக்காரர்தான் எலுமிச்சம்பழத்தை நறுக்கி இவர் மூக்கில் பிடிப்பார். கரை வந்ததும் இவரைத் தோளில் தூக்கிவந்து மணலில் கிடத்துவார். "சார் பாவம், நெல்லு வெளையுற ஊரு" என்று மற்றவர்களிடம் சமாதானமும் சொல்வார். அந்த அவமானத்திலிருந்து தப்பித்து, யார் யார் காலையோ பிடித்து, சொந்த மாவட்டத்துக்கு வந்து சேர்ந்தவர் சாமிதுரை. மனைவி மேகலா கீழப்பழுவூரில் பள்ளிக்கூட டீச்சர். அங்கேயே வீடு கட்டி, கோழி வளர்த்து, மனிதன் நிம்மதியாக இருந்தார்.

"இப்ப என்னாம்மா செய்யறது?" என்று அலுவலக உதவியாளர் வெற்றிச்செல்வியிடம் கேட்டார். அந்த அலுவலகத்தில் மொத்தம் அவர்கள் இரண்டு பேர்தான்.

"இல்லைன்னு எழுதறதத்தானே சார் வேணாங்கறாரு? இருக்குன்னு எழுதிடுவோம்."

"எங்கம்மா இருக்கு?"

"கொஞ்சமா எழுதுவோம் சார். நெறைய எழுதினாத்தான் வந்து பாப்பாங்க."

"பொய்யில்லையா?"

"கடலே இல்லாத ஊருல சிங்கி இருக்குன்னு எழுதினா யாருக்கு சார் நஷ்டம்? அதென்ன, சிங்கி வந்து கேக்கப் போவுதா?"

சாமிதுரைக்கு அது நியாயமாகப் பட்டது. கொஞ்சமாக எழுதினார்.

மறுவாரமே குருநாதன் கூப்பிட்டார். குரலில் சந்தோஷம் தெரிந்தது.

"பாத்தீங்களா, மனசு வச்சா முடியுது! சரி, சிங்கிய பிடிக்கறவங்க யாரு? லைசென்ஸ் கொடுத்திருக்கீங்களா?"

சிங்கி இருந்தால் அதைப் பிடிக்க ஆள் வேண்டும் என்பது சாமிதுரைக்குத் தோன்றவே இல்லை. அந்த நேரம் பார்த்து எதிர் டீக்கடை அங்கமுத்து தூக்குவாளியோடு உள்ளே வந்தார்.

"அங்கமுத்து, உங்க போட்டோ ஒண்ணு இருக்கா?"

"இருக்குங்களே. எதுக்குங்க?"

"ஒரு கார்டு தரேன். அரசாங்க முத்திரையோட."

இப்படித்தான் அரியலூர் மாவட்டத்தின் முதல் சிங்கி மீனவராக அங்கமுத்து ஆனார். அவர் சன்மார்க்க சங்கத்துக்காரர். மீன் என்ன, முட்டைகூடத் தொடமாட்டார். கடையில் ஆம்லேட் கேட்டவரை எழுந்து போகச் சொன்ன ஆள். கடலையும் பார்த்ததில்லை. அதனால் அவர் தப்புத் தண்டாவுக்குப் போகமாட்டார் என்று சாமிதுரை நம்பினார்.

அங்கமுத்து கார்டைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டார். மறுநாள் ஜெயங்கொண்டம் ரோட்டில் ஹெல்மெட் இல்லாமல் பிடிபட்டவர், வேறு எதுவும் கையில் இல்லாததால் அதை எடுத்து நீட்டினார். போலீஸ்காரர் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "கோஸ்ட் கார்டா, கடல் போலீஸா? போங்க, போங்க" என்று விட்டுவிட்டார். அவ்வளவுதான், ஊரே அலுவலகத்து வாசலில் நின்றது. கரும்பு லாரி டிரைவர், ஜெராக்ஸ் கடைக்காரர், பந்தல்காரர், வரதராஜன்பேட்டையிலிருந்து ஒரு முறுக்கு வியாபாரி எல்லோரும் கையில் போட்டோவோடு வந்தார்கள். கொடுக்க மாட்டேன் என்றால் "அங்கமுத்துக்கு மட்டும் எந்தக் கடல்ல சிங்கி பிடிக்கறதப் பாத்துக் கொடுத்தீங்க?" என்று கேட்டார்கள். பதில் சொல்வதைவிடக் கொடுத்துவிடுவது சுலபமாக இருந்தது.

லைசென்ஸ் இருந்தால் கூடு இருக்க வேண்டும். ஆளுக்கு ஐந்து கூடு என்பது வரம்பு. அதையும் எழுதினார்.

"ஒருத்தர்கூட வரம்பு மீறலையா?" என்று குருநாதன் வியந்தார்.

"எங்க ஆளுங்க ரொம்ப ஒழுங்குங்க சார்."

அதில் ஒரு எழுத்தும் பொய்யில்லை. பிறகு தடைக்காலம் வந்தது. சித்திரை வெயிலில் கொள்ளிடமே சுருங்கிக் கிடந்தபோது, அரியலூர் மாவட்டத்தில் ஒரு சிங்கிகூடப் பிடிபடவில்லை என்று சாமிதுரை பெருமையோடு எழுதினார். அங்கேதான் மாட்டிக்கொண்டார்.

"ஒரு மீறல்கூட இல்லையா? நம்பற மாதிரி இல்லையே. ரோந்து போறீங்களா, இல்லையா?"

"போறேங்க சார். தினமும் போறேன்."

"அப்ப ஒரு கேஸாவது இருக்கணும். கேஸே இல்லைன்னா நீங்க வேலை பாக்கலைன்னு அர்த்தம். பனைமுனை இடம் இன்னும் காலியாத்தான் இருக்கு."

சாமிதுரை போனை வைத்துவிட்டு வெற்றிச்செல்வியைப் பார்த்தார். அவள் ஏற்கெனவே கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருந்தாள். லைசென்ஸ் வரிசையில் முதல் பெயர் எதுவோ அதைப் போட்டு, தடைக்காலத்தில் குஞ்சுச் சிங்கி வைத்திருந்ததாக ஒரு வழக்கைப் பதிந்துவிட்டாள்.

"சும்மா பேருக்குத்தான் சார். யாருக்குத் தெரியப் போவுது?"

சென்னைக் கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது. பதிந்த கையோடு அது சம்பந்தப்பட்டவரின் செல்போனுக்கு ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பியது. எதிர்க் கடையில் பாய்லர் பக்கத்தில் கிணுங் என்றது. கொஞ்ச நேரத்தில் அங்கமுத்து கையில் கரண்டியோடு ரோட்டைத் தாண்டி ஓடிவந்தார்.

"என்னாங்க சார் இது? சின்ன உயிர கொன்னு வச்சிருந்தேன்னு போட்டிருக்கு?"

"கொன்னதா இல்ல அங்கமுத்து. வச்சிருந்ததாத்தான்."

"சங்கத்துச் சபையில என் போனைத்தாங்க எல்லாரும் வாங்கிப் பாப்பாங்க! பூசத்துக்குக் கஞ்சி கிண்டற ஆளு நான். இனிமே என்னைக் கரண்டி தொட வுடுவாங்களா?"

விடவில்லை. மறுநாளே சபையில் அவரிடமிருந்து கரண்டியை வாங்கிக்கொண்டு, இலை எடுக்கிற வேலையைக் கொடுத்துவிட்டார்கள். "எறா தின்னவரு" என்று சின்னப் பிள்ளைகள்கூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தன. அங்கமுத்து இரண்டு நாள் கடை திறக்கவில்லை. மூன்றாம் நாள் திறந்தார், ஆனால் எதிர் அலுவலகத்துக்கு மட்டும் டீ கிடையாது என்றார்.

டீ இல்லாமல் அரசாங்க அலுவலகம் எத்தனை நாள் ஓடும்? வழக்கைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. ஆனால் அந்தக் கம்ப்யூட்டர் ஒருவரை விடுவிக்க வேண்டுமானால் உண்மையான குற்றவாளி யார் என்று கேட்டது. வெற்றிச்செல்வி நகத்தைக் கடித்தாள்.

"வெளியூர்க்காரன்னு போட்டுடலாமா சார்? பெரம்பலூர்ப் பக்கத்துலேர்ந்து வந்த அடையாளம் தெரியாத ஆளுன்னு?"

"போடும்மா," என்றார் சாமிதுரை. பெரம்பலூரிலும் கடல் இல்லை. இல்லாத கடலுக்கு இல்லாத ஆள் வந்து போனால் யாருக்கு என்ன வந்தது?

அன்று மாலையே பெரம்பலூரிலிருந்து போன் வந்தது. அங்கே வாரிய அலுவலகத்தைப் பார்த்துக்கொள்பவர் கொளஞ்சியப்பன். பேச்சிலேயே சூடு பறந்தது.

"என்னாங்க சாமிதுரை, எங்க ஆளு உங்க கடல்ல வந்து திருடினான்னு எழுதியிருக்கீங்களாமே?"

"உங்களுக்கு ஏதுங்க ஆளு?"

"ஏதா? லைசென்ஸ்காரங்க உங்களவிட எனக்கு ரெட்டிப்பு. கூடு அதவிட ஜாஸ்தி. ஊருல உங்க ஒருத்தருக்குத்தான் பனைமுனைன்னா பயமா?"

சாமிதுரைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் கொளஞ்சியப்பன் பெருமூச்சு விட்டார்.

"டைரக்டரு கேட்டாருங்க, உங்க ஆளு ஏன் அந்தப் பக்கம் போனான்னு. நான் என்னா சொல்லுவேன்? எல்லை தெரியாம போயிட்டான், சார், கடல்ல கோடா போட்டிருக்குன்னு சொல்லிட்டேன்."

"சொல்லி?"

"ரெண்டு மாவட்டத்துக்கும் நடுவுல கடல் எல்லைய அளந்து கோடு போட அவரே நேர்ல வராரு. வியாழக்கெழம."

அன்றிரவு சாமிதுரைக்குச் சோறு இறங்கவில்லை.

"உண்மையச் சொல்லிடுங்களேன்," என்றாள் மேகலா.

"சொன்னா பனைமுனை."

"அப்ப சொல்லாதீங்க," என்று உடனே சொன்னாள். வீட்டுக் கடன் அவள் பெயரில் இருந்தது.

"கடலுக்குக் கொள்ளிடத்தைக் காட்டலாம். திருமானூருக்கிட்ட அகலமாத்தான் இருக்கு. கூட்டுக்கு எங்கடி போவேன்?"

மேகலா கொல்லைப்புறத்தைப் பார்த்தாள். அங்கே கவிழ்த்து வைத்த மூங்கில் பஞ்சாரக் கூடைக்குள் அவர்களுடைய பெட்டைக்கோழி அடைந்து கிடந்தது. மேகலா பார்த்ததை சாமிதுரையும் பார்த்தார்.

புதன்கிழமை முழுக்க கீழப்பழுவூரில் கோழிப் பஞ்சாரம் வாங்கும் படலம் நடந்தது. டீச்சர் கேட்டால் இல்லை என்று சொல்ல முடியாது. பிள்ளைகள் அவளிடம்தான் படிக்கின்றன. கொடுத்தார்கள். அதில் ஒவ்வொன்றுக்கும் வெற்றிச்செல்வி வாரிய முத்திரை போட்ட பிளாஸ்டிக் வில்லையைக் கட்டினாள். சாயங்காலம் ஊர்க் கோழிகளெல்லாம் தங்க இடமில்லாமல் தெருவில் அலைந்தன. ஊர் நாய்களுக்கு அப்படி ஒரு நாள் அதுவரை வாய்த்ததில்லை.

"எங்க வூட்டுச் சேவலக் காணோம் டீச்சர்," என்று ஒருவர் வந்து நின்றார்.

"எங்களுதுல ரெண்டு," என்று இன்னொருவர்.

மேகலா கணவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். "நீங்க போயி சிங்கிய காப்பாத்துங்க. ஊருல கோழி இனம் அழியறத நான் பாத்துக்கறேன்."

வியாழக்கிழமை குருநாதன் வந்து இறங்கினார். இதற்கு முன் வேறொரு வாரியத்தில் தேங்காய் நாரைக் கவனித்துக்கொண்டிருந்தவர் அவர். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி, குடை பிடிக்க ஒரு ஆள். திருமானூருக்கு அருகே கரையில் கார் நின்றது. எதிரே கண்ணுக்கு எட்டிய தூரம் கொள்ளிடத்து மணல். நடுவில், வெயிலுக்குப் பயந்த மாதிரி, ஒரு கோடு தண்ணீர்.

"கடல் எங்க?"

சாமிதுரை மணலைப் பார்த்துக் கையை நீட்டினார். "உள்வாங்கியிருக்குங்க சார்."

"எப்ப உள்வாங்கிச்சு?"

கொளஞ்சியப்பன் இதற்குத் தயாராக வந்திருந்தார். பையிலிருந்து சங்கு மாதிரி சுருண்ட கல் ஒன்றை எடுத்து நீட்டினார். அந்தப் பக்கத்து ஓடைகளிலும் சுண்ணாம்புக்கல் குழிகளிலும் பிள்ளைகள் பொறுக்கி விளையாடுகிற கல்தான். ஒரு காலத்தில் இங்கே கடல் இருந்தது என்பதற்கு அது சாட்சி. எந்தக் காலம் என்பதுதான் கொஞ்சம் தூரம்.

"பாருங்க சார், கடல் பிராணி. கல்லாவே போயிடுச்சு. கடல் இருந்த எடந்தாங்க இது. உள்வாங்கினது, இன்னும் திரும்பி வரல."

"எப்ப வரும்?"

"வரும்போது சொல்லி அனுப்பறேங்க சார்."

குருநாதன் கல்லைத் திருப்பிப் பார்த்துவிட்டு, குடைக்காரரிடம் கொடுத்தார். மணலில் வரிசையாகப் பஞ்சாரங்கள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் வில்லை பளபளத்தது.

"இதுதான் கூடா? தெக்கே வேற மாதிரி இருக்குமே."

"இது டெல்டா மாடலுங்க சார்," என்றாள் வெற்றிச்செல்வி.

குருநாதன் குனிந்து ஒன்றைத் தூக்கினார். அடியில் ஒரு முட்டை இருந்தது, வெள்ளையாக, இன்னும் சூடு ஆறாமல். வேனில் ஏற்றும் அவசரத்தில் சாமிதுரை வீட்டுப் பெட்டை பஞ்சாரத்தோடு சேர்ந்து வந்துவிட்டிருந்தது. மணலில் இறக்கியபோதுதான் யாரோ பார்த்து விரட்டினார்கள். விரட்டுவதற்குள் அது தன் காரியத்தை முடித்துக்கொண்டிருக்கிறது.

"இது என்ன?"

சாமிதுரை இரண்டடி பின்னால் போனார். வெற்றிச்செல்விதான் முன்னால் வந்தாள்.

"முட்டைக்காரிய பிடிக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்குங்களே சார். அதான் தாயை வுட்டுட்டோம்."

"முட்டை?"

"அதுவா வுட்டுட்டுப் போயிடுச்சுங்க சார். பயத்துல."

"இவ்வளவு பெரிசாவா இருக்கும்?"

"நம்ம பக்கம் தீனி ஜாஸ்திங்க சார்," என்றார் கொளஞ்சியப்பன்.

அந்த நேரம் பார்த்து நாணல் மறைவிலிருந்து கொக் கொக் கொக் என்று தாய் கொக்கரித்து, முட்டையிட்ட செய்தியை ஊருக்கு அறிவித்தது. யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. குருநாதன் முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு மெல்லத் தலையாட்டினார். பிறகு, "சாமிதுரை, நீங்க மட்டும் என்கூட கார்ல வாங்க," என்றார்.

கார்க் கதவு சாத்திக்கொண்டது. ஏ.சி. குளிரிலும் சாமிதுரைக்கு முதுகில் வேர்வை ஓடியது. இனி அவ்வளவுதான்; படகு, பெயிண்ட் வாசனை, எலுமிச்சம்பழம். மேகலா இங்கே, தான் அங்கே. கண் கலங்கிவிட்டது அவருக்கு.

"நான் கோழி முட்டைய பாத்ததே இல்லைன்னு நெனச்சீங்களா?" என்றார் குருநாதன்.

"சார்..."

"காலையில ரெண்டு ஆம்லேட் சாப்பிட்டுட்டுத்தான் வந்தேன். அரியலூர்ல கடல் இல்லைங்கறது மேப்பைப் பாத்தாலே தெரியும். என்கிட்ட மேப் இருக்கு."

"மன்னிச்சுக்குங்க சார். குடும்பம் இங்க இருக்கு..."

"எதுக்கு மன்னிப்பு? நான் சொல்றதக் கேளுங்க. தெக்கே கடல் இருக்கு, சிங்கி இருக்கு, மீனவன் இருக்கான். அதனால தினமும் மனு. கூடு பத்தலைன்னு மறியல். தடைக்காலத்துல சோத்துக்கு என்ன வழின்னு கலெக்டர் ஆபீஸ் வாசல்ல உக்காந்துக்கறாங்க. எனக்கு மேல இருக்கறவங்க என்னைத்தான் கேக்கறாங்க, ஏன் இவ்வளவு பிரச்சினைன்னு." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இங்க பாருங்க. மீறல் இல்ல, மனு இல்ல, சண்டை இல்ல. வாரியம் வச்ச சட்டம் அத்தனையும் ஒழுங்கா நடக்குது. பிரச்சினையே இல்லாத கடல் இந்த மாநிலத்துலயே இது ஒண்ணுதான்யா. இத நான் மூடுவேனா?"

சாமிதுரை கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"உங்க மாவட்டத்த முன்மாதிரி மாவட்டமா அறிவிக்கப் போறேன். கொளஞ்சியப்பன் உங்களுக்கு உதவியா இருக்கட்டும், எல்லைத் தகராறும் தீந்துச்சு. கூடுதலா கூடு ஒதுக்கறேன். எவ்வளவு தாங்குவீங்க?"

"எவ்வளவு வேணாலும் ஒதுக்குங்க சார்," என்றார் சாமிதுரை. ஒரு பஞ்சாரத்தைக்கூடத் தண்ணீரில் இறக்கப் போவதில்லை. இதில் தாங்குவதற்கு என்ன இருக்கிறது?

"நல்லது. இதுல யாருக்கும் நஷ்டம் இல்ல பாருங்க," என்று சொல்லி, குருநாதன் முட்டையை அவர் கையில் கொடுத்து இறக்கிவிட்டார்.

அடுத்த சில வாரங்கள் சாமிதுரை வாழ்ந்ததுதான் வாழ்க்கை. இடமாற்றப் பேச்சே இல்லை. பஞ்சாரங்கள் வீடு திரும்பின. அங்கமுத்துவின் பெயரைச் சென்னைக் கம்ப்யூட்டர் அழித்தது. சபையில் கரண்டியைத் திருப்பிக் கொடுத்தார்கள். அலுவலகத்துக்கு மறுபடி டீ வந்தது, முன்பைவிடத் திக்காக. மேகலா கேசரி கிண்டினாள். அலுவலக வாசலில் "மாதிரி சிங்கி மாவட்டம்" என்று புதுப் பலகை மாட்டினார்கள். அதில் ஒரு சிங்கியின் படமும் இருந்தது. வரைந்த பெயிண்டர் சிங்கியைப் பார்த்ததில்லை என்பதால் அது கொஞ்சம் தேள் மாதிரி இருந்தது.

பலகைக்குக் கீழே நின்று சாமிதுரை டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில், பஸ் ஸ்டாண்டுப் பக்கமிருந்து ஒருவர் தள்ளாடித் தள்ளாடி வந்தார். தோளில் ஒரு துண்டு. ஒரு கையில் கருவாட்டுப் பொட்டலம். இன்னொரு கையில் பாதி எலுமிச்சம்பழம், அதை மூக்கில் வைத்துப் பிடித்திருந்தார்.

"மிக்கேல்!" சாமிதுரை டம்ளரை வைத்துவிட்டு ஓடினார். மெய்யாகவே சந்தோஷமாக இருந்தது அவருக்கு. "நீங்க எங்க இங்க? உக்காருங்க, உக்காருங்க. என்னாச்சு?"

"பஸ்ஸு சார்," என்று மிக்கேல் படியில் உட்கார்ந்தார். "பொறந்ததுலேருந்து கடல்ல கெடக்கேன், ஒருநாளும் கொமட்டுனதில்ல. இந்தப் பஸ்ஸுல ஏறுனேன் பாருங்க, வழி பூரா வாந்தி. அப்பத்தான் ஒங்கள நெனச்சேன். எம்புட்டுக் கஷ்டப்பட்டிருப்பிய!"

வெற்றிச்செல்வி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அங்கமுத்து ஒரு டீயை நீட்டினார். மிக்கேல் இருவரையும் கும்பிட்டுவிட்டு, பலகையில் இருந்த தேளை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். கருவாட்டுப் பொட்டலத்தை சாமிதுரையிடம் கொடுத்தார்.

"வீட்டுல குடுங்க சார். நல்ல நெத்திலி."

"இதுக்காகவா இவ்வளவு தூரம் வந்தீங்க? ஒரு போன் பண்ணியிருக்கலாமே. ஊருல எல்லாரும் சவுக்கியமா? தடைக்காலம் முடியற நேரமாச்சே, இப்ப வேலை தலைக்கு மேல இருக்குமே?"

"அதுக்குத்தான் சார் வந்தேன்." மிக்கேல் டீயைக் கீழே வைத்துவிட்டு, ஒரு சுமை இறங்கியவரைப் போல சாமிதுரையைப் பார்த்துச் சிரித்தார். "மாநிலத்துக்கு இம்புட்டுத்தான் கூடுன்னு வரம்பாம்லா, அதுல எங்க ஊருப் பங்க பூரா வெட்டி அரியலூருக்குக் குடுத்துட்டாவளாம், ஊரே அழுதுட்டுக் கெடக்கு, நாந்தான் சொன்னேன், அங்க இருக்கது நம்ம சாருல்லா, கேட்டாக் குடுத்திருவாவன்னு, அடுத்த வாரம் கடலுக்குப் போவணும், ஏங் கூட்ட மட்டும் எடுத்துக் குடுங்க சார்."